நூற்றுப் பதினெட்டாம் பக்கத்துச் சீப்பு

போன வாரம் பதிப்பகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவள் அனிதா. நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து என் வேலையைப் பார்க்கிற பெண். இரண்டே தரம்தான் நேரில் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரி. நித்யா எழுதிய இளையோர் நாவல் இரண்டாம் பதிப்புக்குப் போகிறதாம். அதற்காகப் பழைய கோப்பை எடுத்து, புத்தகத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டிருக்கிறாள். ஒன்பது சந்தேகங்களைப் பட்டியல் போட்டு அனுப்பியிருந்தாள். ஏழாவது இது:

“118ஆம் பக்கத்தில் உலகம்மாளுக்கு ஒரு சீப்பு கிடைக்கிறது. ஆனால் கோப்பில் உங்கள் கையெழுத்தில் ‘சீப்பு கிடையாது. சாகும்வரை கிடையாது’ என்று இருக்கிறது. கவனக்குறைவால் விடுபட்ட பிழையா மேடம்? திருத்திவிடலாமா?”

மற்ற எட்டுக்கும் அன்றைக்கே பதில் எழுதிவிட்டேன். ஏழாவதுக்கு நாலு நாளாக எழுதுகிறேன், அழிக்கிறேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ‘ஆம், திருத்திவிடு’ என்று இரண்டு வார்த்தை எழுதிவிட்டுப் படுத்துவிடலாம். மனசு வரவில்லை. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன் அனிதா, பொறுத்துக்கொள்.

எங்கள் பதிப்பகம் தென்காசி ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கிற சரித்திரக் கதைகள்தான் எங்கள் சரக்கு. பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரை. நான் சரித்திரத்தில் பட்டம் வாங்கிவிட்டு, வேறு வேலை கிடைக்காமல், பிழை திருத்துகிறவளாகச் சேர்ந்தேன். மூன்று வருஷம் ஒற்றெழுத்தைத் துரத்திக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு நாள், கதையில் வரும் சாமான்கள் அந்தக் காலத்தில் இருந்தனவா என்று பார்க்கிற வேலையைத் தூக்கி என் தலையில் வைத்தார்கள். ஓய்வு பெறும்வரை அதை இறக்கி வைக்கவில்லை.

வைத்தவர் எங்கள் சார். பதிப்பகத்தை ஆரம்பித்தவர், பழைய சரித்திர வாத்தியார். முதுகு நாற்காலியில் படாமல் உட்காருவார். யாரையும் தப்பு என்று சொன்னதில்லை. சந்தேகம் வந்த இடத்துக்கு எதிரே, ஓரத்தில், பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போடுவார். தாளை இரண்டு விரலால் நம் பக்கம் தள்ளிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். “யாரு பாத்தா?”

யார் பார்த்தது என்பதற்குப் பதில் கொண்டுவர வேண்டும். பழைய கடிதமோ, பத்திரமோ, போட்டோவோ, வயசான ஆளின் வாய்மொழியோ ஏதாவது ஒன்று. கொண்டுவந்தால் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுப்பார். அதற்குள் ரப்பர் இருக்கும். கேள்விக்குறியை அவரேதான் அழிப்பார், அடுத்தவரைத் தொட விடமாட்டார். ஒரு கேள்விக்குறிகூட மிச்சமில்லாத பிரதிதான் அச்சுக்குப் போகும். முதல் வாசிப்பில் சில பக்கங்கள் கொசு மொய்த்த மாதிரி இருக்கும்.

நான் சேர்ந்து பல வருஷம் கழித்து ஒரு அட்டைப் படம் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஒரு பெண்பிள்ளைக்கு நடக்கிற கதை. பின்னால் காசி விஸ்வநாதர் கோயில் ராஜகோபுரத்தை ஓவியர் ஒன்பது நிலையோடு பிரமாதமாக வரைந்திருந்தார். எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். சார் இரண்டு விரலால் தள்ளினார்.

“யாரு பாத்தா?”

“தினம் பாக்கோமே சார். சன்னலைத் தொறந்தா கோபுரம்தான்.”

“நீ பாக்க. அவ பாத்தாளா?”

அந்தக் கோபுரம் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு எழும்பியது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்த இடத்தில் மொட்டைக் கோபுரம்தான் நின்றது. என் கண்ணாலேயே பார்த்து வளர்ந்ததை நானே மறந்துவிட்டேன். புதுசு வந்ததும் பழசு இருந்த இடமே தெரியாமல் போய்விடுகிறது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடக்கூட இல்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். கதையில் வரும் ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று கேள்வி. அது அப்போது இருந்ததா? இங்கே இருந்ததா? இவளுக்குக் கிடைத்திருக்குமா? கிராமபோன் பெட்டியை எடுத்துக்கொள். இருபதுகளில் இருந்தது. குற்றாலத்தில் துரைமார் தங்குகிற பங்களாவில் இருந்தது. ஆனால் தென்காசியிலிருந்து சாரலுக்குக் குளிக்கப் போன பெண்பிள்ளைக்கு? காம்பவுண்டுக்கு வெளியே நின்று கேட்டிருப்பாள், அவ்வளவுதான். முதல் இரண்டும் புத்தகத்தில் கிடைத்துவிடும். மூன்றாவதுதான் ஆளைக் கொல்லும்.

அந்த மூன்றாவது கேள்வியை வைத்துக்கொண்டு நான் செய்ததெல்லாம் பிடுங்குகிற வேலை. ஒருத்தியிடமிருந்து டார்ச் லைட்டைப் பிடுங்கினேன். ஒருத்தியின் காலிலிருந்து செருப்பைக் கழற்றினேன். ஒருத்தி தனியாக ரயிலேறிச் செங்கோட்டை போனாள், இறக்கிவிட்டேன். நிலைக்கண்ணாடி, நோட்டுப் புத்தகம், பிறந்தநாள், தனக்கென்று ஓர் அறை. அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகளிடமிருந்து நான் பிடுங்கியதை எல்லாம் அடுக்கினால் ஒரு கடையே வைக்கலாம். எல்லாம் நியாயமாகப் பிடுங்கியதுதான். ஆனாலும் ஒரு கட்டத்தில் கை வலிக்கத்தான் செய்தது.

நித்யாவின் பிரதி வந்தபோது நான் அந்தக் கட்டத்தில் இருந்தேன். தென்காசி அப்போது தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை. நித்யா பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். அம்மா வழியில் ஆய்க்குடிக்காரி. அந்தச் சமயம் பிள்ளைகளுக்கு இருபதுகளின் மேல் ஒரு பைத்தியம். வெளிநாட்டில் பெண்கள் கூந்தலை வெட்டி, முழங்கால் தெரிய கவுன் போட்டு, கிராமபோன் வைத்து ஆடிய காலம். ஃபிளாப்பர் என்று அந்தப் பெண்களுக்குப் பேர். செல்போனில் பார்க்கிற தொடர்களில் எல்லாம் அவர்கள்தான். அதே காலத்தை இங்கே, குற்றாலத்தில் வைத்து எழுதியிருந்தாள் நித்யா. பதினாறு வயது உலகம்மாள் சாரல் சமயத்தில் குற்றாலம் போகிறாள். பங்களாவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு சிநேகிதமாகிறாள். கூந்தலைக் கத்தரித்துக்கொள்கிறாள். கடைசி அத்தியாயத்தில் ஆடுகிறாள்.

நம்ப முடியாத கதை என்று திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் அவள் ஒரு போட்டோவைச் சேர்த்து அனுப்பியிருந்தாள். அவள் அம்மா வீட்டுப் பெட்டியில் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு மூத்த அத்தை, பேர் உலகம்மாள், அந்தக் காலத்திலேயே கிராப்பு வைத்தவள் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்களாம். போட்டோவில் ஒரு பெண். வெள்ளைச் சேலை. காது வரை குட்டை முடி. கழுத்திலும் காதிலும் நகை இல்லை. பின்னால் மலை மங்கலாகத் தெரிந்தது. வாய்விட்டுச் சிரிக்கிறாள். அந்தக் காலத்துப் போட்டோவில் யாரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வழக்கம்போல் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குட்டை முடி: ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டிக்கொள்வது அந்தப் பத்து வருஷத்தின் கடைசியில் மேல்நாட்டில் வந்துவிட்டது, சரி. வெள்ளைச் சேலை: கதர் கட்டிய காலம், சரி. நகையில்லாத கழுத்து: காங்கிரசுக்குக் கழற்றிக் கொடுத்த பெண்கள் இருந்தார்கள், சரி. போட்டோ அட்டை, பழுப்பு நிறம், எல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு, சரி. மூன்று கேள்விக்கும் போட்டோவே பதில் சொல்லிவிட்டது. சார் அந்த இடத்தில் கேள்விக்குறியே போடவில்லை. நான் சந்தோஷமாகவே கையெழுத்துப் போட்டேன். எத்தனையோ வருஷம் பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப்போனவளுக்கு ஒருத்தியிடமாவது எல்லாம் இருந்தது என்று தெரிந்ததில் அவ்வளவு நிம்மதி.

அட்டைக்கு அந்தப் போட்டோவையே வைப்பது என்று முடிவாயிற்று. மாதிரி அட்டை வந்து என் மேசையில் கிடந்தது. எங்கள் ஆபீசைக் கூட்டித் துடைக்கிற பேச்சியம்மாள் மத்தியானம் மேசையைத் துடைக்க வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. அட்டையைத் தூக்கிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“எக்கா, இந்த வயசுலயா? பாவமே!”

“என்ன பாவம்? நல்லா சிரிச்சிக்கிட்டுத்தான இருக்கா.”

“சிரிக்கா, சரிதான். தாலியறுத்த பிள்ளைல்லா இது.”

“கிராப்பு வெட்டியிருக்கா பேச்சி. அந்தக் காலத்து ஸ்டைலு.”

“எங்கன வெட்டிருக்கு? வெட்டுன முடின்னா ஓரம் தெரியாதா? உச்சிலயும் பிடரிலயும் ஒரே நீளம்லா இருக்கு. மொட்டை போட்டு அஞ்சாறு மாசம் ஆன தலைக்கா. திருச்செந்தூருல முடி எறக்கிட்டு வந்த பிள்ளைய நீங்க பாத்ததே இல்லையா?”

பார்க்காமலா? என் இரண்டு பிள்ளைகளுக்கும் மூன்று தரம் மொட்டை போட்டவள் நான். மொட்டை போட்டு வளருகிற தலை எப்படி இருக்கும் என்று தெரியாத ஆள் நம் பக்கத்தில் உண்டா? வெள்ளைச் சேலை, வெறும் கழுத்து, வளருகிற மொட்டை. ஒன்றொன்றாகப் பிரித்து வைத்து ஒவ்வொன்றுக்கும் சரி போட்டேன். மூன்றையும் ஒரு சேரப் பார்க்கவில்லை. ஃபிளாப்பர் என்று எழுதி வந்தது, ஃபிளாப்பரைப் பார்த்தேன். சிரிக்கிறாளே, அவள் எப்படித் தாலியறுத்தவளாக இருப்பாள் என்று என் மனசு அடியில் நினைத்திருக்கிறது. அதை இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

அட்டையை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். பேச்சியம்மாள் சொன்னதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“நானும் பாத்தேன் கோமதி,” என்றார். “பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.” பிறகு பென்சிலை எடுத்து, அட்டையிலேயே, அந்தப் பெண்ணின் தலைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் தள்ளினார்.

நித்யாவின் அம்மாவுக்கு ஆய்க்குடியில் ஒரு பெரியப்பா இருந்தார். உலகம்மாளின் தம்பி மகன். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் எல்லோருக்கும் ஏட்டையா. எழுபத்தைந்து தாண்டியிருந்தும் மீசை முறுக்கு தளரவில்லை. போட்டோவைக் கையில் கொடுத்தேன். டி.வி.யை நிறுத்தினார்.

“கிராப்பு வச்ச அத்தை கதையத்தான எழுதுதா எம் பேத்தி?” என்றார்.

“கிராப்புதானா ஏட்டையா?”

உள்ளே பார்த்து, யாரும் வரவில்லை என்று தெரிந்துகொண்டு பேசினார்.

“போலீசுக்காரன்கிட்டயே விசாரணையா? சரி, கேளு தாயி. அது நான் சொன்ன பொய்யி. எம் பொண்டாட்டி கல்யாணமாகி வந்த புதுசுல இந்தப் போட்டாவைப் பாத்து இது யாருன்னு கேட்டா. எங்க வீட்டுல தலைய மழிக்குற வழக்கம் இருந்துச்சுன்னு சொல்ல வெக்கமா இருந்துது. கிராப்பு வச்ச அத்தைன்னுட்டேன். அது அப்படியே வளந்துட்டு.”

தாலியறுத்த பெண்களின் தலையை மழிக்கிற வழக்கம் எல்லா வீட்டிலும் கிடையாது. அந்த வீட்டில் இருந்தது. உலகம்மாளுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம், பதினாறுக்குள் புருஷன் இல்லை. மாதம் ஒரு தரம் கத்திப்பெட்டியோடு ஆள் வரும். ஒரு பங்குனியில் தலை முழுக்கப் புண் வந்துவிட்டது. குற்றாலத்தில் சொந்தக்காரர் வீட்டில் விட்டார்கள். மலைத் தண்ணீர் பட்டால் ஆறும் என்று நம்பிக்கை. அங்கே தங்கியிருந்த மிஷன் டாக்டரம்மா, வெள்ளைக்காரி, புண் ஆறும்வரை கத்தி படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். உலகம்மாள் ஆவணிவரை அங்கேயே இருந்தாள். போட்டோ எடுத்தது அந்த டாக்டரம்மா.

“எதுக்கு இப்படிச் சிரிக்காவ?” என்று கேட்டேன்.

“அத்தையே எங்கிட்டச் சொல்லிருக்கா. அந்த வெள்ளைக்காரி தலையத் தடவிப் பாத்துட்டு, முள்ளெலி கணக்கா இருக்குன்னு தமிழ்ல சொன்னாளாம். அதுக்குச் சிரிச்சிருக்கா.”

“ஊருக்குத் திரும்பி வந்த பெறவு?”

“அதான் விசயமே. கத்திப்பெட்டிக்காரரு வந்து கிணத்தடியில உக்காந்துட்டாரு. மூணு தரம் கூப்பிட்டாவ. வந்தா. அவரு முன்னால உக்காரல. நின்னமட்டுக்கு, ‘நீங்க போய்ட்டு வாங்க’ன்னு மரியாதையாச் சொன்னா. விருந்தாளிய அனுப்புத மாதிரி. அவரு பெட்டிய மூடிக்கிட்டு எந்திச்சுப் போனவருதான், அதுக்கப்புறம் அந்த வாசல் மிதிக்கல.”

“அப்பா அம்மா ஒண்ணும் சொல்லலையா?”

“எங்க தாத்தா சாகுத மட்டும் அவகூடப் பேசல. நல்லது பொல்லாதது ஒண்ணுக்கும் முன்னால வரக்கூடாது. புழக்கடை ரூமுதான். அங்கனயே சோறு, அங்கனயே படுக்கை. ஆனா முடிய மட்டும் குடுக்கல. நான் பாக்கையில முடி முழங்கை வரைக்கும் கெடக்கும். வெயில்ல உக்காந்து விரலாலயே சிக்கு எடுப்பா, பொழுது பூரா. வீட்டுல இருந்த சீப்ப அவ தொடக்கூடாது. தனியா ஒண்ணு கெடையாது. சாகுத மட்டும் கெடையாது. நாங்க சின்னப் பயலுவ, எட்டி நின்னு பாத்துச் சிரிப்போம்.”

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். நீ பார்த்த குறிப்பு அங்கே எழுதியதுதான். எழுதும்போது அந்தச் சீப்பு வரி எனக்கு ஒரு தகவல், அவ்வளவே. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அது உறுத்த ஆரம்பித்தது.

நித்யாவிடம் போனில் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அழுதாள்.

“நாலு வருஷம் மேம். ஆபீஸ் விட்டு வந்து, தினமும் எழுதினது. இதை எடுத்துட்டா புத்தகமே இல்லை. ஆடுற பொண்ணைப் படிக்கத்தான் பிள்ளைங்க வருவாங்க. இன்னொரு அழுகைக் கதையை யார் படிப்பா?”

“அழுகைக் கதை இல்லம்மா. அவ அழல. உக்காரல, அவ்வளவுதான்.”

“நீங்கதானே மேம் சரின்னு கையெழுத்துப் போட்டீங்க?”

“ஆமா. நான்தான் போட்டேன். தப்பு என் மேலதான்.”

போனை வைத்துவிட்டாள். எழுதவே மாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஒரு பெண்ணின் முதல் புத்தகத்தை என் கையாலேயே நெரித்துவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது. கவனமாகப் பார்த்திருந்தால் முதலிலேயே சொல்லியிருக்கலாம், இவ்வளவு தூரம் அவள் ஆசைப்பட்டிருக்க மாட்டாள். பத்து நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. “அந்தக் கிணத்தடியில என்ன மரம் நின்னுச்சுன்னு தாத்தாகிட்ட கேட்டுச் சொல்றீங்களா மேம்?” என்றாள்.

முருங்கை மரம். கேட்டுச் சொன்னேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் எங்கள் இரண்டு பேருக்கும் வேறு பேச்சு கிடையாது. ஆட்டத்தை அவளே எடுத்துவிட்டாள். கிராமபோன் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அட்டையில் போட்டோ அப்படியே இருந்தது. புதிய பிரதி முதலில் வந்ததைவிட எத்தனையோ மடங்கு நன்றாக இருந்தது. நான் பெரிதாகப் பாராட்டவில்லை. எனக்கு அது வராது.

அதில்தான் அந்த 118ஆம் பக்கம். ஆவணி கடைசியில் உலகம்மாள் ஊருக்குக் கிளம்புகிறாள். டாக்டரம்மா தன் மேசையிலிருந்து சீப்பை எடுத்து அவள் கையில் வைத்து மூடுகிறாள். வழியெல்லாம் வண்டியில் அதை மடிக்குள் வைத்துத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போகிறாள். ஐந்தாறு வரிதான். பக்கத்து ஓரத்தில் சாரின் பென்சில் கேள்விக்குறி.

மூன்று கேள்விகளையும் கேட்டேன். அப்போது சீப்பு இருந்ததா? இருந்தது. இங்கே இருந்ததா? இருந்தது. இவளுக்குக் கிடைத்ததா? இல்லை. ஏட்டையா கண்ணால் பார்த்து வாயால் சொன்னது கோப்பில் கிடக்கிறது. இதைவிடத் தெளிவான சாட்சியை நான் என் சர்வீசில் பார்த்ததில்லை. நித்யாவுக்கும் அது தெரியும். “எடுத்துடவா மேம்?” என்று அவளே கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

வெட்டத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. எனக்குச் சோர்வாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அந்தப் பெண்ணிடமிருந்து புருஷன் போனான், நகை போயிற்று, முடி போயிற்று, அதை அவளே திரும்ப எடுத்துக்கொண்டதற்காகப் பெற்ற அப்பனின் பேச்சும் போயிற்று. நூறு வருஷம் கழித்து, ஒரு கதையில், ஒரு சீப்பு வருகிறது. அதையும் பிடுங்க வேண்டும் என்றால் அது நானாகத்தான் இருக்க வேண்டுமா? அன்றைக்கு முழுதும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சாரிடம் கொண்டுபோய் வைத்தேன். எதுவும் வெட்டாமல்.

இரண்டு விரலால் தள்ளினார். “யாரு பாத்தா?”

“நான் பாத்தேன் சார்.”

அவருக்குக் கோப்பு மனப்பாடம். நான் பிறந்த வருஷமும் தெரியும். என் முகத்தையே பார்த்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. அவர் சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்தார். திறந்தார். ரப்பரை வெளியே எடுத்து, வாழ்க்கையில் முதல்தடவையாக, என் பக்கம் நீட்டினார்.

“அப்போ நீயே அழி.”

அழித்தேன். அதைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருஷம் உடம்புக்கு முடியாமல் படுத்தவர், எழுந்திருக்காமலே போய்விட்டார். டப்பா அவர் மேசையில்தான் இருந்தது. இப்போது எங்கே இருக்கிறதோ.

புத்தகம் வந்து ஒரு மாதம் இருக்கும். ஏட்டையா கைத்தடியை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறி எங்கள் மாடிக்கு வந்தார். கையில் புத்தகம். நடுவில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகியிருந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். மூச்சு வாங்கி முடித்ததும் பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார்.

“இது தப்பு.”

“தெரியும் ஏட்டையா.”

“நான் அன்னைக்கே சொன்னம்லா? சீப்பு கெடையாதுன்னு.”

“சொன்னீங்க. எழுதியும் வச்சிருக்கேன்.”

“பெறவு யாரு குடுத்தா?”

“நான்தான் குடுத்தேன்.”

அவர் புத்தகத்தை மூடவில்லை. அந்த ஐந்தாறு வரியையும் விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தார்.

“இருவது வயசுல எனக்கு வேலை கெடச்சுது. எனக்கு நாப்பது வயசு ஆகுத மட்டும் அத்தை உசிரோட இருந்தா. தை, சித்திரைக்கெல்லாம் வீட்டுல எல்லாத்துக்கும் வாங்கிட்டுப் போவேன். பொண்டாட்டிக்கு, பிள்ளையளுக்கு. அத்தைக்குச் சேலைகூட எடுத்துக் குடுத்திருக்கேன். வெள்ளைச் சேலை. அவ வெயில்ல உக்காந்து விரலால சீவுததப் பாத்துக்கிட்டேதான் வீட்டுக்குள்ள போவேன்.” நிறுத்தினார். “ஒரு சீப்பு. எங்கள்ல ஒருத்தருக்கும் தோணல தாயி. நாங்க ஒருத்தரும் குடுக்கல.”

பேச்சியம்மாள் துடைப்பத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். படி இறங்கும்போது பாதியில் நின்று, திரும்பாமலே சொன்னார்: “அடுத்தாப்ல அச்சடிச்சாலும் அத எடுத்துராதிய.”

ஏட்டையா போன வருஷம் போய்ச் சேர்ந்தார். இனி கேட்பதற்கு யாரும் இல்லை. அனிதா, நீ கண்டுபிடித்தது சரி. உன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறாய். அது பிழைதான். அந்தப் பெண்ணிடம் சீப்பு இல்லை.

திருத்த வேண்டாம். யார் பார்த்தது என்று யாராவது கேட்டால், என் பேரை எழுதிக்கொள்.